மஞ்சளில் நின்ற முள்

டேலியாச் செடிக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும் என்றுதான் தோட்டப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் போட்டிருக்கிறது. அவை வேறொரு வெயிலில் எழுதப்பட்ட புத்தகங்கள். எங்கள் பெல்லரூக்கில் இப்போதெல்லாம் கோடை உச்சத்தில், ஜனவரியில் நாற்பத்து நான்கு டிகிரி அடிக்கிறது. நிழல் கொடுக்காவிட்டால் மொட்டு செடியிலேயே அவிந்துபோகும். அதனால் நான் குடை பிடித்தேன். நூற்றுப் பன்னிரண்டு செடிகள், நூற்றுப் பன்னிரண்டு கடற்கரைக் குடைகள். எல்லாம் பழைய சாமான் கடைகளில் பொறுக்கியவை. கோடு போட்டது, அன்னாசிப்பழம் போட்டது, கிளி போட்டது என்று எதையும் விடவில்லை. எங்கள் மலைக்கும் கடலுக்கும் இருநூறு கிலோமீட்டர் தூரம். கடைக்காரி ட்ரூடி என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன நோரின், கடல் எப்ப வருதாம்?" என்று கேட்பாள்.

விசாரணை அதிகாரி நீங்கள் கேட்டது தீ எச்சரிக்கைப் பலகையைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன். ஆனால் பூவிலிருந்து தொடங்காவிட்டால் பலகை உங்களுக்குப் புரியாது.

எனக்கு அறுபத்தாறு வயது. முப்பத்தொரு வருடம் இந்த மலைச் சாலையில் பள்ளிப் பேருந்து ஓட்டினேன். ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை, ஒரு நாளும் தாமதமானதில்லை. ஓய்வு பெற்ற பிறகு டேலியாவைப் பிடித்துக்கொண்டேன். விதை போட்டு, வந்ததில் நல்லதைப் பொறுக்கி, கிழங்கைத் தோண்டி வைத்து, மறு வருடம் நட்டு, பக்க மொட்டுகளைக் கிள்ளி, ஒரே மொட்டை விட்டுவைத்து, இப்படி ஏழு வருடம் பாடுபட்டதில் ஒரு புது நிறம் கிடைத்தது. நடுவில் பழுத்த ஆப்ரிகாட் பழத்தின் நிறம், ஓரத்தில் சாம்பல் கலந்த ஊதா. உலகத்தில் வேறு யாரிடமும் அது இல்லை. டேலியாச் சங்கத்திலிருந்து ஒருவர் நேரில் வந்து, பூத்து நிற்கும்போது பார்த்து எழுதினால்தான் அது பதிவாகும். டேலியா பூத்து நிற்பது பிப்ரவரிக் கடைசியில். பிப்ரவரிக் கடைசியில்தான் தீயும் வரும். இந்த இரண்டையும் ஒரே மாதத்தில் வைத்தது நான் இல்லை.

வருடம் ஒரு சனிக்கிழமை என் தோட்டத்தை ஊராருக்குத் திறந்துவிடுவது என்று ஏற்பாடு. பலகை ஆரஞ்சிலோ கருஞ்சிவப்பிலோ இருந்தால் அன்று திறக்கக் கூடாது என்பது ஊர் மன்றத்தின் விதி. முதல் வருடம் ஆரஞ்சு. இரண்டாவது வருடம் கருஞ்சிவப்பு. மூன்றாவது வருடம் பலகை மஞ்சள், ஆனால் புகையில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. நான்காவது, ஐந்தாவது வருடங்கள் மறுபடியும் ஆரஞ்சு. விருந்துக்காக மன்றத்துப் பெண்கள் சுட்ட குட்டி ரொட்டிகள், ஸ்கோன்கள், ஒவ்வொரு முறையும் ஃப்ரீசருக்குத் திரும்பிப் போயின. ஐந்தாவது வருடம் வெளியே எடுத்தபோது யாரும் புதிதாகச் சுடவே இல்லை என்று தெரிந்தது. ஐந்து வருடமும் அதே ஸ்கோன்கள்தான்.

பலகை ஊருக்கு நாலு கிலோமீட்டர் வெளியே, சாலை பிரியும் இடத்தில் நிற்கிறது. அரைவட்டத் தகரம், நடுவில் ஒரு முள். பச்சை என்றால் கவலை இல்லை. மஞ்சள் என்றால் ஆயத்தமாக இரு. ஆரஞ்சு என்றால் இப்போதே ஏதாவது செய். கருஞ்சிவப்பு என்றால் உயிர் வேண்டுமானால் ஊரைவிட்டுப் போ. மலைமேல் இருந்த செல்போன் கோபுரம் மூன்று வருடத்துக்கு முந்தைய தீயில் போனது, திரும்ப வரவில்லை. ரேடியோ மாநிலம் முழுவதற்கும் சேர்த்துச் சொல்லும். அது வடக்கே இருப்பவர்களுக்குச் சொல்வது என்று எங்கள் ஊரில் எடுத்துக்கொள்வார்கள். எங்களுக்குப் பலகைதான். கடையில் ரொட்டி வாங்க வருபவர்கள் காலை வணக்கம் சொல்வதில்லை. "முள் எங்க நிக்குது?" என்றுதான் கேட்பார்கள்.

முள்ளைத் திருப்புவதற்கு ஒரு பூட்டு உண்டு. அதன் ஒரே சாவியைத் தீயணைப்புத் தொண்டர் படையின் தலைவர் கிளெம் ஹாரிகன் என்னிடம் கொடுத்திருந்தார். நான் தினமும் காலை ஆறு மணிக்கு நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகிறவள், அதனால். கிளெமுக்கு எழுபத்து நான்கு வயது. நாற்பது வருடமாக ஊருக்குத் தீ அணைத்தவர். காலையில் வீட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒரே வார்த்தை சொல்வார். "மஞ்சள்." நான் போய்த் திருப்பிவிட்டு வருவேன்.

போன டிசம்பரில் ஒரு நாள் அவர் ஆரஞ்சு என்றார். நான் பூட்டைத் திறந்து முள்ளைத் திருப்பப் போனபோது நாய் ஒரு முயலைப் பார்த்துவிட்டு ஓடியது. நாயைப் பிடித்துக் காரில் போட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் முள் மஞ்சளிலேயே நிற்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகலாம் என்று கடை வரை வந்தேன். கடையில் ட்ரூடி பாடிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு மஞ்சள்தானாம் நோரின். நான் பாட்டுக்கு ஆரஞ்சு வரும்னு மூட்டை கட்டி வெச்சிருந்தேன். பிரிச்சுப் போட்டுட்டேன்."

ஊரே அப்படி இருந்தது. மூன்று மாதமாகக் கார் டிக்கியிலேயே வைத்திருந்த புகைப்பட ஆல்பங்களை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினார்கள். மன்றத்தில் பாட்டுக் குழு கூடியது. நான் திரும்பிப் போய் முள்ளை நகர்த்தியிருக்கலாம். இவ்வளவு சந்தோஷமாக இருப்பவர்களிடம் போய் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அன்று எதுவும் எரியவில்லை.

அடுத்த ஆரஞ்சு நாளில் நான் யோசித்துத்தான் செய்தேன். அதற்கடுத்த முறை அவ்வளவு யோசிக்கவில்லை. அந்தக் கோடையில் மொத்தம் பதினேழு நாள் முள்ளை ஒரு நிறம் இறக்கி வைத்தேன். பதினேழு நாளும் பெல்லரூக்கில் ஒரு புல்கூடக் கருகவில்லை. ஆரஞ்சு என்று வைத்திருந்தால் பதினேழு நாள் பயந்திருப்பார்கள், அவ்வளவுதான். இன்னொன்றையும் கவனித்தேன். நான் முள்ளை இறக்கிய நாட்களில் மத்தியானம் காற்றும் கொஞ்சம் இறங்கியது. காற்று பலகையைப் படிக்கிறது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இறங்கியது என்று மட்டும் சொல்கிறேன்.

சிக்கல் கிளெமால் வந்தது. ஒரு நாள் அவர் லாரியில் பலகையைத் தாண்டிப் போயிருக்கிறார். நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"நோரின், காலையில நான் ஆரஞ்சுன்னு சொன்னேனா, மஞ்சள்னு சொன்னேனா?"

உண்மையைச் சொல்ல வாய் எடுத்தேன். ஆனால் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டதைப் பார்த்தேன். சந்தேகப்படும் மனிதரை மேலும் குழப்புவது சரியில்லை என்று தோன்றியது.

"மஞ்சள்னு சொன்னீங்க."

"ஆமா," என்றார். "மஞ்சள்தான்."

அதன் பிறகு அவர் தினமும் நிறத்தைப் பேனாவால் புறங்கையில் எழுதிக்கொள்ள ஆரம்பித்தார். ஆரஞ்சு என்று எழுதிய கையோடு கடையில் நின்று என்னிடம் காட்டினார். ட்ரூடியும் பக்கத்தில் இருந்தாள்.

"அது நேத்து எழுதினது கிளெம். கை கழுவுற பழக்கமே கிடையாதா உங்களுக்கு?" என்றேன். ட்ரூடி சிரித்தாள். அவரும் சிரிக்கத்தான் செய்தார்.

அந்த வாரம் அவரை நகரத்து டாக்டரிடம் கூட்டிப்போனதும் நான்தான். வேறு யாருக்கும் நேரம் இல்லை. கடிகாரம் வரையச் சொன்னார்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். எல்லாம் சரியாகச் செய்தார். ஒன்றும் இல்லை, நல்ல மூளை என்று டாக்டர் அனுப்பிவிட்டார். திரும்பி வரும்போது, "ஆரம்பத்துல டெஸ்ட்ல தெரியாதாம்," என்று நான் சொன்னேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். வழியில் நிறுத்தி ஐஸ்கிரீமும் வாங்கிக்கொடுத்தேன்.

விக்டர் பஸ்கோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பக்கத்து வீடு. எண்பது வயது, தனி ஆள். ஒரு கூண்டில் நீலக் கிளி ஒன்று வைத்திருந்தார். ஊரிலேயே பயந்த மனிதர் அவர்தான். கருஞ்சிவப்பு நாளில் விடியும் முன்பே கூண்டை முன் இருக்கையில் வைத்து பெல்ட் போட்டுக்கொண்டு நகரத்து நூலகத்துக்குப் போய்விடுவார், சாயங்காலம்தான் திரும்புவார். "என்ன விக்டர், சம்சாரத்தோட கிளம்பியாச்சா?" என்று ட்ரூடி கேட்பாள். "அவ இன்னும் ரெடி ஆகல. மேக்கப் நடக்குது," என்பார் அவரும். கேலிக்காகப் போகாமல் இருந்தவர் இல்லை. நிறம் சொன்னால் போவார், அவ்வளவுதான்.

இப்போது அந்தச் சனிக்கிழமை.

காலை ஆறு மணிக்கு கிளெம் கூப்பிட்டார். குரல் தெளிவாக இருந்தது. "நோரின், கருஞ்சிவப்பு. வடக்குக் காத்து வருது. நாப்பத்தஞ்சு டிகிரி போகும்னு சொல்றாங்க. எல்லாரையும் கிளம்பச் சொல்லணும்."

அன்றைக்கு நகரத்திலிருந்து இரண்டு வேன் ஆட்கள் வருவதாக இருந்தது. டேலியாச் சங்கத்து ஆல்ட்ரிட்ஜ் வருவதாக இருந்தது. என் பூ முந்தின நாள்தான் முழுதாக விரிந்திருந்தது. அந்த மாதிரிப் பூ ஒன்றரை நாள் நிற்கும், அதற்கு மேல் பின்பக்க இதழ்கள் பழுத்துவிடும்.

"கிளெம், நேத்தும் நீங்க இதையேதான் சொன்னீங்க," என்றேன்.

நேற்று அவர் பச்சை என்றுதான் சொல்லியிருந்தார்.

"அப்படியா," என்றார். பிறகு, "சரி. நீயே பாத்து வெச்சிரு நோரின். உனக்குத் தெரியும்."

ஆக, பொறுப்பு முறைப்படி என்னிடம் வந்தது. நான் போய் முள்ளை மஞ்சளில் வைத்தேன். பச்சையில் வைத்திருக்கலாம், கேட்க யாரும் இல்லை. ஆனால் மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறதே.

நான் பூட்டிக்கொண்டிருந்தபோது விக்டரின் கார் வந்து நின்றது. கூண்டு முன் இருக்கையில் இருந்தது. "ரேடியோவுல என்னென்னவோ சொன்னான். பயந்து கிளம்பிட்டேன். இங்க மஞ்சளால்ல இருக்கு," என்றார்.

"மஞ்சள்தான்."

"நல்லதாப் போச்சு. இவளுக்குக் காரே ஒத்துக்கல. ராத்திரியெல்லாம் தூங்கவேயில்ல நான். போய்ப் படுக்கிறேன்." காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார். போகும் வழியில் என் வாசலில் ஒரு பாட்டில் பிளம் ஜாம் வைத்துவிட்டுப் போயிருந்தார், விருந்துக்கு. அவர் நகரத்துக்கே போயிருக்கலாம். நான் தடுக்கவில்லை.

அறுபத்து மூன்று பேர் வந்தார்கள். எங்கள் ஊரில் அவ்வளவு தொப்பிகளை நான் பார்த்ததே இல்லை. பதினொரு மணிக்கெல்லாம் காற்று எழுந்தது. குடைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வேலியைத் தாண்டிப் பறந்தன. அன்னாசிப்பழக் குடை ஒன்று மன்றக் கூரைமேல் போய் உட்கார்ந்தது. அதைப் பார்த்துச் சிலர் கைதட்டினார்கள். ஏற்பாட்டில் உள்ளது என்று நினைத்திருக்க வேண்டும். நான் தேநீர் ஊற்றினேன். ஸ்கோன்களை விக்டரின் ஜாமோடு கொடுத்தேன். யாரும் குறை சொல்லவில்லை.

ஒரு மணி வாக்கில் வேன் ஓட்டுநர் பக்கத்தில் வந்தார். "அம்மா, புகை வாசனை வருதே."

"மலைக்கு அந்தப் பக்கம் எவனாவது குப்பை கொளுத்துவான். வரும்போது பலகையைப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். மஞ்சள்."

"அப்புறம் என்ன. உட்காருங்க, ஆல்ட்ரிட்ஜ் இன்னும் கடைசி வரிசைக்கே வரல."

உட்கார்ந்தார். நல்ல மனிதர்.

ஒன்றேகாலுக்குக் கிளெம் தீயணைப்பு லாரியில் வந்தார். வாசலருகே நின்று சத்தமாகச் சொன்னார்: "எல்லாரும் கிளம்புங்க. சாப்பாட்டை அப்படியே விட்டுட்டுக் கிளம்புங்க. இன்னைக்குக் கருஞ்சிவப்பு."

அறுபத்து மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கிளெமுடைய உடல்நிலையைப் பற்றி, பாவம், ஏற்கெனவே வந்தவர்களிடம் நான் சொல்லி வைத்திருந்தேன். அவர் மனம் நோகும்படி யாராவது ஏதாவது சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக.

"பலகை மஞ்சள்ல இருக்கு கிளெம்," என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

அவர் புறங்கையைத் திருப்பிப் பார்த்தார். கருஞ்சிவப்பு என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். "இது இன்னைக்கு எழுதினது," என்றார். "குளிச்சிட்டு எழுதினேன் நோரின். ஞாபகம் இருக்கு."

"சரி. வேணும்னா ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்க."

யாரோ ஒரு பெண் அவர் கையில் ஒரு ஸ்கோனைக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டார். மலைமேல் புகை தெரிந்துகொண்டுதான் இருந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அறுபத்து மூன்று பேர் பொறுமையாக ஒருவரைப் பார்த்துப் புன்னகை செய்யும்போது, கண்ணால் காண்பதை நம்புவது கஷ்டம்.

"போய்ப் பாத்துட்டு வந்துடறேன்," என்று லாரியில் ஏறினார்.

தீ இருபது நிமிடத்தில் வந்தது. முதலில் கங்குகள் விழுந்தன. மேஜை விரிப்பில் விழுந்த ஒன்றை நான் கோப்பையைக் கவிழ்த்து மூடினேன், பிறகு இன்னொன்றை. கோப்பைகள் தீர்ந்த பிறகுதான் கிளம்ப வேண்டும் என்று ஒப்புக்கொண்டேன். சாலை அப்போது தீக்குள் போயிருந்தது. எல்லோரையும் வேலிக்கு அப்பால் உள்ள குட்டைக்கு ஓட்டினேன். பேருந்தில் பிள்ளைகளை எண்ணி ஏற்றிய பழக்கம், அறுபத்து மூன்று பேரையும் எண்ணி இறக்கினேன். ஈரக் கம்பளியைத் தலையில் போட்டுக் கழுத்தளவு தண்ணீரில் நின்றோம். என் பக்கத்தில் நின்றது ஆல்ட்ரிட்ஜ். சத்தம் கொஞ்சம் அடங்கியதும் கேட்டேன்: "ஐயா, அந்த நிறம் பதிவாகுமா?" அவர் பதில் சொல்லவில்லை. காதில் தண்ணீர் போயிருக்கும்.

அறுபத்து மூன்று பேரும் கரையேறினார்கள். இதை நீங்கள் அறிக்கையில் எங்கேயோ ஒரு ஓரத்தில்தான் போட்டிருக்கிறீர்கள்.

விக்டர் கட்டிலில் கிடந்தார். கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தன. அவர் எழுந்திருக்கவே இல்லை என்று சொன்னார்கள், அது கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. கூண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலிமேல் இருந்தது. மேற்கே இருந்த பண்ணையில் ஒரு குடும்பம், நான்கு பேர். அவர்கள் பதினாறு வருடம் என் பேருந்தில் வந்தவர்கள், முதலில் அப்பா, பிறகு பிள்ளைகள். அன்று காலையில் அவர்கள் பலகை வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்கள் என்று ட்ரூடி உங்களிடம் சொல்லியிருக்கிறாள்.

கிளெமைப் பலகைக்கு அடியில் கண்டெடுத்தீர்கள். லாரி சாலையில் நின்றிருந்தது. முள் கருஞ்சிவப்பில் இருந்தது.

உங்கள் அறிக்கையை மூன்று முறை படித்தேன். அழகாக எழுதியிருக்கிறீர்கள். படைத் தலைவர் அன்று காலையிலேயே பலகையைச் சரியான நிறத்தில் வைத்தார், கடைசி வரை தன் இடத்தில் நின்றார் என்று கிளெமுக்கு மரியாதை செய்திருக்கிறீர்கள், எனக்குச் சந்தோஷம்தான். பலகை மஞ்சளில் இருந்ததாக வந்தவர்கள் நாற்பது பேர் சாட்சி சொன்னார்கள். அதிர்ச்சியில் நிறங்கள் குழம்பும், புகை வெளிச்சத்தில் சிவப்பு மஞ்சளாகத் தெரியும் என்று ஒரு நிபுணர் உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த நாற்பது பேரில் பாதிப் பேர் இப்போது டாக்டரிடம் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பூட்டு வெப்பத்தில் வெடித்தது என்றும் போட்டிருக்கிறீர்கள். வெடிக்கவில்லை. கிளெமிடம் சாவி கிடையாது, லாரியில் கோடரி உண்டு. உடைத்துத் திருப்பியிருக்கிறார். அவருக்கு அதற்கு மட்டும்தான் நேரம் இருந்தது.

இதெல்லாம் இப்படியே இருந்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை. உங்களை இவ்வளவு தூரம் வரச் சொன்னது நாற்பத்தொன்றாம் பக்கத்துக்காக. 'பலகை கருஞ்சிவப்பைக் காட்டியபோதும் தோட்ட உரிமையாளர் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் நிகழ்ச்சியை நடத்தினார்' என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பத்தொரு வருடம் இந்தச் சாலையில் ஓட்டினேன், ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டியதில்லை. ஊரில் எல்லோரும் இப்போது அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

அன்று காலை ஆறேகாலுக்கு முள் மஞ்சளில் நின்றது. நான்தான் வைத்தேன், என் கையால், கருஞ்சிவப்பு என்று தெரிந்தே வைத்தேன். அதற்கு எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் பலகையை மீறி நான் ஒரு நாளும் நடந்தவள் இல்லை. அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.